தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

மார்கழித் திங்களின் முற்பகுதியில், நம் திருவனந்தபுரத்துப் பாளையம் பக்கத்து வீதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், கிறிஸ்தவ அன்பர்கள் வீடுதோறும் சென்று பாடும் பாடல்களைக் கேட்டிருப்பர். அவற்றுட் சில மேனாட்டு மெட்டில் அமைந்தவை. நான்கு அடிகள் ஒரே அளவாய் வந்து, நால்வகைக் குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து முடியும். வேறு சிலவோ பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற உறுப்புக்களோடு, ஆதி தாளத்திலும் ரூபக தாளத்திலும் நடப்பவை. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் நம் திருநெல்வேலி அன்பர்களும், கரமனையிற் குடியிருக்கும் சங்கீத ரசிகர்களும், தமக்கு அச்சமயம் உரியதன்று எனினும், அவ்விரண்டாம் வகைப் பாடல் செவியில் விழுந்தவுடன் இது நம் சங்கராபரணம் அன்றோ, இது நம் ஆனந்தபைரவி அன்றோ என்று ஒரு கணம் நின்று கேட்பதைக் காணலாம்.

மேனாட்டிலிருந்து வந்த சமயத்தின் பாடல், நம் நாட்டு இராகத்திற் பாடப்படும் இந்நிலை தானாக வந்ததன்று. அதற்காக ஒரு புலவர் தம் உத்தியோகத்தை இழந்தார். அவரே தஞ்சைச் சுவிசேஷக் கவிராயர் என்று போற்றப்பெறும் வேதநாயக சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரமும் சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் இவரையும் ஒருவரெனக் கொள்வோர் இன்றும் உளர். பிள்ளையவர்கள் பிறந்தது 1826-ஆம் ஆண்டு. நம் சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். சாஸ்திரியார் என்ற பெயர் கண்டு அந்தணர் எனக் கருதவும் வேண்டா. வேதநூற் புலமை பற்றி வழங்கிய பெயர் அது. குலத்தால் அவர் வேளாளர்.

1774-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் தேவசகாயம் பிள்ளை என்பவர்க்கு மகனாக அவர் பிறந்தார். தந்தையாரும் தமிழ்ப் புலமை வாய்ந்தவர். முதலிற் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிப் பின்பு சீர்திருத்தச் சபையிற் சேர்ந்தவர். திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி குற்றாலச் சாரலில் எழுந்து நெடுங்காலம் ஆகாத நாள் அது. குறவஞ்சியும் பள்ளும் நொண்டி நாடகமும் கும்மியும் ஊர்தோறும் ஆடப்பெற்றும் பாடப்பெற்றும் வந்த நாட்டிலே சிறுவன் வேதநாயகம் வளர்ந்தான். இளமையிற் செவி வழியாகப் புகுந்த அவ்விசை பிற்காலத்தில் எவ்வளவு பயன்பட்டது என்பதை மேலே காண்போம்.

1785-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையிற் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யச் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையிலிருந்து வந்தார். ஜெர்மானியராகிய இப்பெரியார் 1750-இல் தமிழகத்திற்கு வந்தவர். தமிழும் மராத்தியும் பாரசீகமும் பேசவல்லவர். ஐதர் அலியிடம் ஆங்கிலேயர் தூது அனுப்பியபோது அவரையே அனுப்பினர். அத்துணை நம்பிக்கைக்கு உரியவர். தேவசகாயம் பிள்ளையின் மகனது கூர்மையைக் கண்ட ஐயர், தந்தையின் இசைவு பெற்று, பன்னிரண்டு வயதும் நிரம்பாத அப்பிள்ளையைத் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பொருநைக் கரையிற் பிறந்து காவிரிக் கரையில் வாழ்ந்தவர் என்ற வகையில் சாஸ்திரியாரும் நம்மைப் போற் பிறந்த ஊரை விட்டுப் போந்தவரே.

தஞ்சையில் அவர்க்கு வாய்த்த தோழமை பெரிது. துளஜா மன்னர் 1787-இல் மகனாகத் தத்தெடுத்த சரபோஜி அவரினும் மூன்றாண்டு இளையவர். அவ்விளவரசரைக் காக்கும் பொறுப்பும் சுவார்ட்ஸ் ஐயரிடமே வந்தது. ஆகவே பின்னாளில் அரசராக விளங்கியவரும் புலவராக விளங்கியவரும் ஓராசிரியரின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் ஆயினர். இடையிற் சில ஆண்டுகள் வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பெற்று, அங்கே டாக்டர் ஜான், ராட்லர் முதலிய அறிஞரிடம் பாடம் கேட்டார். ஜான் உயிர் நூலில் ஆர்வம் கொண்டவர். ராட்லர் தாவர நூல் வல்லவர். தமிழ் அகராதியும் தொகுத்தவர். வேதநூலோடு வானநூல், பூகோளம், கணிதம் ஆகியவையும் இவ்விளைஞர்க்குக் கிடைத்தன. பூமியே கதிரவனைச் சுற்றி வருகிறது என்ற கொள்கையைத் தமிழ்ச் செய்யுளிற் பாடிய முன்னோடிகளுள் இவர் ஒருவர்.

தரங்கம்பாடியில் அவர் கேட்ட மற்றொன்றும் உண்டு. 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கியது முதல், ஜெர்மன் நாட்டுத் துதிப்பாடல்கள் தமிழில் மொழிபெயர்க்கப்பெற்று, ஜெர்மன் மெட்டிலேயே பாடப்பெற்று வந்தன. இவற்றை ஞானப்பாட்டு என்பர். பப்ரிசியுஸ் ஐயர் அவற்றைச் செம்மை செய்தார். பக்தி ததும்பும் அப்பாட்டுக்களைச் சாஸ்திரியார் வெறுத்தவர் அல்லர்; அவற்றிலே வளர்ந்தவர். ஆயினும் தமிழ்ச் சொல்லை அயல் மெட்டில் ஏற்றும்போது நேரும் இடரை அவர் செவி உணர்ந்திருத்தல் வேண்டும்.

அவ்விடர் யாது என்பதைச் சற்று விரித்துரைப்பது நலம். மேனாட்டுப் பாட்டு அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. எட்டசை, ஆறசை என்று எண்ணி, அழுத்தம் விழும் அசையிலே இசையை நீட்டிச் செல்வர். தமிழோ குறில், நெடில் என்ற மாத்திரையை உயிராகக் கொண்டது. மெட்டு நீளும் இடத்திற் குறில் வந்து நின்றால், பாடுவோன் அதனை நீட்டியே ஆதல் வேண்டும். நீட்டினால் விடு என்பது வீடு ஆகும். வரம் என்பது வாரம் ஆகும். படம் பாடம் ஆகும். இறைவனிடம் வரம் வேண்டி நிற்பவன் வாரம் வேண்டி நிற்பான்! கேட்போர் நகையை அடக்கிக்கொள்ள வேண்டியதே. எதுகையும் மோனையும் இசையோடு பொருந்தாமல் எங்கோ தனித்து நிற்கும். இதற்கு மாறாக, தமிழ்ப் புலவன் மெட்டும் சொல்லும் உடன் பிறக்கவே பாடுகிறான்.

1794-ஆம் ஆண்டு, இருபது வயது நிரம்புமுன், சாஸ்திரியார் தஞ்சை மிஷன் பாடசாலைக்குத் தலைமை ஆசிரியரானார். சுவார்ட்ஸ் ஐயர் 1798-இற் காலமானார். அவ்வாண்டே சரபோஜி அரியணை ஏறினார். தம் ஆசானுக்கு இலண்டனிற் பிளாக்ஸ்மன் என்ற பெருஞ் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சிற்பம் செய்வித்து, தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்தருகே உள்ள ஆலயத்தில் நிறுவினார். சைவ மன்னர் ஒருவர் பாதிரியார் ஒருவர்க்கு எழுப்பிய அச்சின்னத்தைத் தஞ்சை செல்வோர் இன்றும் காணலாம்.

1800-ஆம் ஆண்டில் சாஸ்திரியார் தம் பெத்லகேம் குறவஞ்சியை நிறைவேற்றினார். குறவஞ்சி இலக்கணத்தை அவர் சிறிதும் குலைக்கவில்லை. தலைவன் உலா வருகிறான். தலைவி கண்டு காதல் கொள்கிறாள். குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் சொல்லிக் கைபார்த்துக் குறி கூறுகிறாள். பறவை வேட்டை நிகழ்கிறது. ஆனால் தலைவன் கிறிஸ்து, தலைவி திருச்சபை, குறி கூறும் குறத்தி விசுவாசத்தின் உருவம், வேட்டையோ உயிர்களை மீட்கும் ஊழியம். உலகப் படமும் வானநூலும் இடையிடையே வந்து கலக்கின்றன. நாயகன் நாயகி பாவத்தை ஆழ்வார்களும் நாயன்மார்களும் கையாண்ட வழியிலேயே இவரும் கையாண்டார். பேரின்பக் காதல் என்று ஒரு நூலுக்கே பெயரிட்டார். ஞானத்தச்ச நாடகத்தில், பேழை கட்டும் நோவாவின் கதையைத் தச்சுத் தொழிலோடு இணைத்துப் பாடினார். சாத்திரக் கும்மியில், நாள் பார்த்தல், சகுனம் பார்த்தல் முதலிய மூட வழக்கங்களைக் கிறிஸ்தவரும் விடாதிருத்தலைக் கடிந்தார். கும்மி மெட்டில் வைதால் வைவது தெரியாமற் பெண்களும் பாடி விடுவர். புலவர்க்கு இந்தச் சூழ்ச்சியும் தெரிந்திருந்தது போலும்.

சரபோஜி மன்னரும் உலகப் பூகோளத்தையே பொருளாக வைத்துத் தேவேந்திரக் குறவஞ்சி என்ற நூலை மராத்தியில் இயற்றினார் என்பது இங்கு நினைத்தற்குரியது. அரண்மனையிற் குறத்தி மராத்தியில் உலக நாடுகளை எண்ணிச் சொல்ல, மிஷன் பள்ளியிற் குறத்தி தமிழிற் கோள்களை எண்ணிச் சொன்னாள். அன்றைய தஞ்சை அத்தகையது. அக்காலத்திலேதான் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரின் பிடிலைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். அவர் தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளையரின் பாண்டு மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அப்பிடிலோடு நம் திருவனந்தபுரத்திற்கே வந்து, சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் விளங்கி, தந்தத்தாற் செய்த பிடிலைப் பரிசாகப் பெற்றார். அயல் நாட்டுக் கருவி நம் இராகத்தைப் பேசக் கற்றது. அயல் நாட்டு வேதத்தை நம் இராகத்திற் பாடியவர் சாஸ்திரியார். இவ்விரண்டையும் ஒரு நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்றே நாம் கருதுகிறோம்.

சாஸ்திரியார் எழுதி வைத்து இருந்துவிடும் புலவரல்லர். நின்று பாடிப் பொருள் சொல்லுபவர். சென்னை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்ச் சபைகளிலும் தம் நூல்களை அரங்கேற்றினார். ஞானதீபக் கவிராயர் முதலிய பட்டங்கள் அவரை நாடி வந்தன. ஆலயத்திலும் கல்யாண வீட்டிலும் திருநாட் காலத்திலும் அவர் கீர்த்தனைகள் ஒலித்தன. சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் வந்த கோலாப் ஐயர் தரங்கம்பாடியிற் பிறந்தவர். தமிழர் வழக்கம் அறிந்தவர். அவர் போன்றோர் இருந்த வரை இதில் எவரும் குற்றம் காணவில்லை.

1820-ஆம் ஆண்டுகளில் நிலை மாறியது. பழைய ஜெர்மன் ஐயர்மார் மறைய, புதிய மிஷனரிமார் வந்தனர். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றி எழுத முற்பட்டனர். ஆலயத்திற் சாதி முறைப்படி பிரிந்திருத்தல் கூடாது என்றனர். விழாக்களின் பூவையும் மாலையையும் விலக்கினர். தமிழ்க் கீர்த்தனைகள் கோயில் வாசனையும் கூத்தின் வாசனையும் வீசுகின்றன என்று கருதி அவற்றையும் ஆலயத்தினின்றும் நீக்கினர். இந்நான்கையும் நான்கு கொடுமைகளாக வகுத்துச் சாஸ்திரியார் வழக்குரைத்தார். 1829-ஆம் ஆண்டைச் சார்ந்த சாதித் திரட்டு என்ற ஏட்டில் அவ்வழக்கு பதிவாகியுள்ளது.

இவ்விடத்தில் எழுதுவோனின் கருத்தை மறைக்காது சொல்லல் வேண்டும். நான்கனுள் ஒன்றிற் சாஸ்திரியார் கூறியது தவறு. இறைவன் சந்நிதியிலும் வேளாளர் ஒருபுறம், பிறர் ஒருபுறம் அமர்தல் வேண்டும் என்று வாதிட்டது, அவர் பாடிய வேதத்திற்கே பொருந்தாத வாதம். அந்த ஒன்றில் மிஷனரிமார் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் செய்த பிழையும் சிறிதன்று. களைய வேண்டிய சாதியையும், காக்க வேண்டிய இசையையும் ஒரே கட்டாகக் கட்டி வெளியே எறிந்தனர். சாஸ்திரியாரும் அதே கட்டினை அவிழ்க்காமலே அணைத்துக்கொண்டார். இசைக்கு மட்டும் அவர் வழக்காடியிருந்தால் வரலாறு அவரை இன்னும் உயர்த்தி வைத்திருக்கும்.

1826-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளை ஒட்டி, கல்கத்தா பேராயர் ஹீபர் தஞ்சைக்கு எழுந்தருளினார். இவர் தாமே ஆங்கிலத்தில் துதிப்பாடல் இயற்றும் கவிஞர். கிரீன்லாந்து முதல் இலங்கை வரை உலகைச் சுற்றிப் பாடும் இவரது பாட்டு ஒன்று இங்கிலாந்தில் 1819-இற் பிறந்து, ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவை எட்டி, அங்கே லோவல் மேசன் என்பவரிடம் புதிய மெட்டுப் பெற்றது. ஹீபர் தஞ்சைக் கிறிஸ்தவர்களிடம் பரிவு காட்டினார்; ஆலயத்தில் ஆசி மொழியைத் தமிழிலேயே கூறினார். கவிஞர் ஒருவர் பேராயராக இருப்பதால் கவிஞரின் குறை தீரும் என்று பலர் நம்பியிருக்கலாம். ஆனால் தஞ்சையை விட்டுத் திருச்சிராப்பள்ளி சென்ற சில நாட்களுக்குள், ஏப்ரல் 3-ஆம் நாள், நீராடும் குளத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. சாஸ்திரியாரின் மிஷன் உத்தியோகமும் 1829-இல் முடிந்தது. ஐம்பத்தைந்து வயதில், முப்பத்தைந்து ஆண்டு கற்பித்த பள்ளிக்கு அவர் அயலார் ஆனார்.

அவரைத் தாங்கியவர் பழைய தோழராகிய சரபோஜி மன்னரே. கோட்டைக்கு அப்பால் ஆட்சி இல்லாத அரசர் எனினும், கலைக்கு அவர் அரசாட்சி குறையவில்லை. கிறிஸ்தவப் புலவரை அவைப் புலவராக்கினார். பெருவுடையார் மீது ஒரு குறவஞ்சி பாடுமாறு மன்னர் வேண்டினார் என்றும், தம் நாவைத் தம் இறைவனுக்கே கொடுத்துவிட்டதாகச் சொல்லிப் புலவர் மறுத்தார் என்றும், அதற்காக மன்னர் சினக்கவில்லை என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. 1832-இல் மன்னர் மறைந்தார். புலவர் அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்தார்.

தன் நாட்டுக் குரலில் இறைவனைப் பாடியதற்காகக் கற்றோரின் இகழ்ச்சிக்கு ஆளாதல் தஞ்சைக்கு மட்டும் உரிய கதையன்று. சாஸ்திரியாரின் பாடல்களை மீட்டுத் தந்தவர்கள் அமெரிக்கர் ஆதலின், வாசகர்கள் நம்மோடு ஒருமுறை அந்நாட்டுப் பாஸ்டன் நகருக்கு வருதல் வேண்டும்.

சாஸ்திரியார் பிறப்பதற்கு நான்காண்டு முன்னர், 1770-இல், பாஸ்டன் நகரத்தில் வில்லியம் பில்லிங்ஸ் என்ற இளைஞர் ஒரு துதிப்பாடல் நூலை வெளியிட்டார். தொழிலால் அவர் தோல் பதனிடுபவர். ஒரு கண் பழுது. ஒரு கால் குட்டை. ஆங்கிலேயராகிய ஐசக் வாட்ஸ் போன்றோரின் பாட்டுக்களை எடுத்து, தாமே மெட்டமைத்தார். அதற்கு முன் அமெரிக்காவில் அச்சான இசை நூல்களில் இங்கிலாந்திலிருந்து வந்த மெட்டுக்களே மிகுதி. அமெரிக்கர் ஒருவர் தாமே இயற்றிய இசை மட்டும் அடங்கிய முதல் நூல் இதுவே. இயற்கையே தக்க ஆசிரியன், விதி நூல்களுக்கு யான் அடிமையல்லேன் என்ற கருத்துப்பட அவர் முன்னுரை வரைந்தார். அவரும் அவரைப் போன்ற தச்சரும் உழவரும் கடைக்காரருமாகிய இசையாசிரியர்களும் ஊர் ஊராகச் சென்று, சில வாரங்கள் தங்கி, மாலைதோறும் பாட்டுப் பள்ளி நடத்தினர். நமக்கு ஸ ரி க ம போல் அவர்க்கு பா, சோல், லா, மி. பின்பு முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம் கொடுத்து, எழுத்தறியாரும் பார்த்துப் பாடும்படி 1801-ஐ ஒட்டி ஒரு முறையும் கண்டனர்.

அப்பாடல்களின் நடையும் தனித்தன்மை உடையது. முதன்மை மெட்டு பெண் குரலில் அன்றி ஆண்களின் இடைக்குரலில் இருக்கும். பாட்டின் நடுவே ஒரு குரல் தனியே புறப்படும்; அதை மற்றொரு குரல் துரத்தும்; பின் மூன்றாவது, நான்காவது; இறுதியில் எல்லாம் ஒரே சொல்லில் வந்து சேரும். சபையார் அதில் மெய்ம்மறந்தனர். ஆனால் ஐரோப்பிய இசை பயின்ற மேலோர் அதனைப் பட்டிக்காட்டுப் பாட்டு என்றனர். இசை விதி மீறியது, ஆலயத்துக்கு அடக்கம் போதாது என்றனர். 1822-இல் லோவல் மேசன் வெளியிட்ட தொகுப்பு ஐரோப்பிய மெட்டுக்களையும் ஐரோப்பிய இசையமைப்பு முறையையும் பரப்பிற்று; பழைய பாட்டுப் பள்ளிப் பாடல்கள் நகர ஆலயங்களிலிருந்து மறைந்தன. பில்லிங்ஸ் 1800-இல் வறுமையில் மாண்டார். அவர் கல்லறைக்கு ஓர் அடையாளக் கல்லும் இல்லை. ஆயினும் தென் மாநிலத்துக் கிராமத்தார் அவ்விசையைக் கைவிடவில்லை. 1844-இல் ஜார்ஜியாவில் தொகுக்கப்பெற்ற ஒரு நூலின் வழியே, சதுரமும் வட்டமும் பார்த்து, அவர்கள் வழியினர் இன்றும் பாடுகின்றனர்.

அதே பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்திலும், 1834-இல் மதுரையிலும் பணி தொடங்கியது. வந்தவர்கள் தம் நாட்டில் அப்போது வழங்கிய மெட்டுக்களோடுதான் வந்தனர். மொழிபெயர்த்த தமிழை அம்மெட்டுக்களில் ஏற்றிப் பாடுவித்தனர். முன்னே சொன்ன குறில் நெடில் இடர் மதுரையிலும் தலைகாட்டியது. பிள்ளைகள் பள்ளியிற் பாடினர். வீட்டிற்குப் போனால் மறந்தனர். அங்கே எட்வர்டு வெப் என்ற ஐயர், தமிழர் நெஞ்சில் நிற்பது தமிழ் மெட்டே என்று தெளிந்தார். தமிழ் யாப்பையும் இசையையும் ஆராய்ந்தார். தஞ்சையில் ஆலயத்துக்குப் புறத்தே நின்ற சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடித் தொகுத்து, ஏனையோர் பாடல்களும் சேர்த்து, 1853-ஆம் ஆண்டு கிறிஸ்தவக் கீர்த்தனை நூலொன்றை அச்சிட்டார். இராகமும் தாளமும் குறித்த பாடல்கள் வழிபாட்டு நூலாகவே வெளிவந்தன. அப்போது சாஸ்திரியார்க்கு வயது எழுபத்தொன்பது.

வெப் ஐயர் பில்லிங்ஸை எண்ணி இதனைச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. தம் ஊர்க் கற்றோர் தம் ஊர்த் தோல் தொழிலாளிக்கு மறுத்ததை, அவ்வூர்ச் சங்கத்தின் ஊழியர் ஒருவர் தஞ்சைப் புலவர்க்கு அளித்தார் என்பது மட்டும் உண்மை. தஞ்சை மறுத்த கீர்த்தனைகள் மதுரையிலிருந்து புறப்பட்டுத் தமிழ்ச் சபைகள் பலவற்றிலும் பரவின. தஞ்சைக்கும் திரும்பி வந்தன. மிஷன்களின் எல்லை வேறு வேறாயினும் பாட்டுக்கு எல்லையில்லாது போயிற்று. அந்நூல் பல முறை விரிந்து பல பதிப்புக்கள் கண்டது. பின்னாளிற் கருணாமிர்த சாகரம் இயற்றிய ஆபிரகாம் பண்டிதரும், தென்பாண்டி நாட்டிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்து, இத்துறையிலேயே கீர்த்தனைகள் பாடியவர்.

திருவிதாங்கூருக்கும் தஞ்சைக்கும் இவ்வகையில் உள்ள உறவு பழையது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம், சிதம்பர யாத்திரை சென்றவர், தஞ்சையிற் கோலாப் ஐயரைக் கண்டு கிறிஸ்தவரானார். அவர் வேண்டுகோளே 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் தென்திருவிதாங்கூர் வரக் காரணமாயிற்று. அவர்க்குப் பின் 1818-இல் நாகர்கோயில் வந்த மீட் ஐயர் தஞ்சை மிஷனரி குடும்பத்திற் பெண் கொண்டவர். நாகர்கோயிலில் அச்சுக்கூடம் நிறுவியவர். இறுதிக் காலத்தில் நம் திருவனந்தபுரத்தில் அரசாங்கப் பணி புரிந்து 1873-இல் இங்கேயே காலமானார். இவ்வழியே தஞ்சைக் கீர்த்தனைகள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் சபைகளில் வேரூன்றின. 1956-இல் அந்நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின், அங்கிருந்து திருவனந்தபுரம் வந்து குடியேறிய குடும்பங்கள் தம் பெட்டிகளில் அக்கீர்த்தனைப் புத்தகத்தையும் கொண்டு வந்தன.

சாஸ்திரியார் 1864-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தொண்ணூறாம் வயதில், தஞ்சையில் இயற்கை எய்தினார். அவர் மகனார் நோவா ஞானாதிக்கமும் பின்வந்தோரும் நின்று பாடிப் பொருள் சொல்லும் அம்மரபைத் தொடர்ந்து நடத்தினர். அவர் மறைந்தபோது, நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்திற் பிறந்த மோச வத்சலம் என்ற இளைஞர்க்கு வயது பதினேழு கூட ஆகவில்லை. அவ்விளைஞர் வளர்ந்து, மலையாள மொழியில், கர்நாடக இராகங்களில், கிறிஸ்தவக் கீர்த்தனங்கள் பாடினார். 1916-இல் அவர் காலமாகும்போது மலையாள நாட்டார் அவரை அழைத்த பெயரும் சாஸ்திரியார் என்பதே.